எதிரி 7 ஆஜர்

பதிவறையில் மின்விசிறி ஓடவில்லை.
'அழிக்கலாம்' என்று சிவப்பு மையில் எழுதிய கட்டுகளுக்கு நடுவே
வேறொரு தீர்ப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.
நூல் இற்று மடியில் விழுந்தது இது:
தர்மபுரி நாலு ரோடு மறியல்,
எதிரிகள் ஒன்பது பேர், அனைவரும் மாணவர்.

என் கட்சிக்காரர்களும் மாணவர்கள்தான், பதினான்கு பேர்.
பென்னாகரம் போகும் ஏழே முக்கால் பேருந்தை
ரத்து செய்ததற்காக
அதே நாலு ரோட்டில் உட்கார்ந்தவர்கள்.
காணொளியை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.
முதல் வாய்தாவுக்கு ஐந்து பேர் வந்தார்கள்.

நானும் ஒருநாள் பதாகை பிடித்தவள்.
புகைப்படம் நன்றாக வந்தது.

சான்றுப் பொருள் ஒன்று: தகர ஒலிகுழல்.
இரண்டு: மைதாப் பசை காய்ந்த வாளி.
மூன்று: விடுதிக் கிணற்றுத் தண்ணீர், ஒரு பாட்டில்.
'தெளிவாக உள்ளது' என்கிறது மகஜர்.
அந்தத் தெளிவைக் குடித்துத்தான்
பையன்களின் பல்லில் பழுப்புக் கோடு இறங்கியது.
பல்லைக் காட்டாமல் முழக்கமிட
இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை.

மறியல் நாற்பது நிமிடம்.
வழக்கு ஏழு வருடம் நாலு மாதம்.

ஜாமீனுக்கு வீட்டுவரி ரசீது கேட்டிருக்கிறார்கள்.
ஐந்தாம் எதிரிக்கும் எட்டாம் எதிரிக்கும்
ரசீது வைத்திருக்கும் சொந்தம் இல்லை.
மற்ற ஏழு பேர் மாலையோடு வெளியே வந்த பிறகும்
இருபத்திரண்டு நாள் சேலம் சிறை.
யாருடைய வீட்டுவரி ரசீதாவது
ஏதோ ஒரு பரணில் சும்மா கிடந்திருக்கும் அப்போது.

மூன்றாம் எதிரி அரசுத் தரப்புக்குப் போய்விட்டான்.
கோபப்பட ஆயத்தமாகப் பக்கத்தைப் புரட்டினேன்.
குண்டூசியில் ஒரு மனு:
'தங்கை திருமணம், காவல்துறை வீட்டுக்கு வருகிறது.'
கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான்காம் சாட்சி, காவலாளி தீர்த்தகிரி:
பசை எங்கே காய்ச்சினார்கள்?
பெண்கள் விடுதிச் சமையல்கட்டில்.
யார்?
பெயர் தெரியாதுங்க.
அவ்வளவுதான்.
நீதிமன்றம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.
நான் போகவில்லை, கொஞ்ச நேரம்.

பிறகு வெறும் வாய்தாக்கள்.
எதிரிகள் 1 முதல் 9 ஆஜர்.
எதிரிகள் 1, 2, 4, 7 ஆஜர், மற்றவர்களுக்கு மனு.
ஒலிகுழல் பிடித்த முதல் எதிரிக்கு
ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது.
எதிரிகள் 4, 7 ஆஜர்.
எதிரி 7 ஆஜர்.
எதிரி 7 ஆஜர்.
சென்றாயன், தகப்பன் பெயர் மாதையன், பாலக்கோடு.
தன் வாக்குமூலத்தில் சொல்கிறான்:
நான் மறியலிலேயே இல்லை,
சீமெண்ணெய் வாங்கப் போயிருந்தேன்.

ஐம்பத்தொன்றாம் வாய்தா,
ஓரத்தில் யாரோ பென்சிலில் குறித்தது:
'மனு போட்டால் போதுமே, ஏன் வருகிறாய் என்று ஐயா கேட்டார்.
விடுதியில இன்னும் தண்ணி மாத்தலைங்க என்றான்.'

கடைசித் தாள்களைச் செல் தின்றிருக்கிறது.
விடுதலையா அபராதமா,
தண்ணீர் மாறியதா,
கட்டில் இல்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவில்
அங்கிருந்தே எழுதினேன்:
பத்தொன்பதாம் தேதி யார் வருகிறீர்கள்?
அரூர்ப் பையன்களை யார் வண்டியில் ஏற்றுவது?
ஜீவிதாவின் அப்பா அவளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை,
அவரிடம் பேச யார் போவது?
வீட்டுவரி ரசீது யாரிடம் உண்டு?

பதினோரு நிமிடம் ஒன்றுமில்லை.
பிறகு கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன.
கட்டைவிரல் கூண்டில் ஏறி நிற்காது
என்று தட்டி, அழித்தேன்.

அப்புறம் தௌபீக் என்றொருவன், எனக்குத் தெரியாத எண்:
அக்கா நான் அன்னிக்கு ரோட்ல இல்ல
எஃப்ஐஆர்ல பேரும் இல்ல
வரலாமா

கட்டை நூல் மாற்றிக் கட்டினேன்.
நகல் மனுவுக்கு முத்திரை எவ்வளவு என்று கேட்டேன்.
வெளியே நீலத் தொட்டி,
சங்கிலியில் கட்டிய டம்ளர்.
பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.

தெளிவாகத்தான் இருந்தது.